இரவல் நர்ஸுகள் வந்த நாள்

துணி ரூம் கதவைச் சாத்தியது நான்தான். பூட்டவில்லை. பூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உள்ளே மரகதம் இருந்தாள். சலவைக்குப் போய்வந்த படுக்கை விரிப்புகளின் மேல் அவளை உட்கார வைத்திருந்தேன். சன்னல் இல்லாத அறை. கஞ்சி வாசனையும் பூச்சி உருண்டை வாசனையும் சேர்ந்து மூக்கைத் துளைக்கும்.

"ஒரு மணி நேரந்தாண்டி. அந்தம்மா கார் ஏறினதும் நானே வந்து கூப்பிடறேன்" என்றேன்.

"இருமல் வந்துச்சின்னா இன்னாக்கா பண்றது?"

"அடக்கிக்கோ."

சரி என்று தலையாட்டினாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு ஓடினேன். நர்ஸுகளின் கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே கடல் கடந்து வந்த ஒரு அம்மாளை வரவேற்க, கஷ்டப்பட்ட நர்ஸை ஒளித்து வைத்துவிட்டு ஓடினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் சீருடைக்குக் கஞ்சி போடும் வைபவத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுக் காளஹஸ்தியிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "எல்லாம் பெருமையாகவே எழுதுகிறீர்கள். நீங்கள் தப்பே செய்ததில்லையா?" என்று கேட்கிறார். செய்திருக்கிறேன் அம்மா. இந்த வாரம் அதுதான்.

மரகதம்

அப்போது ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கட்டடம் இன்று இல்லை, அங்கே இருந்தவர்களிலும் என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

எனக்கு நகரிப் பக்கம். நெல்லும் கரும்பும் போடுகிற வீடு. மரகதத்துக்குச் சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கிராமம். அவள் நைனா எங்களைப் போன்ற வீடுகளின் நிலத்தில் கூலிக்கு நின்றவர். அந்த ஊரிலிருந்து முதன்முதலாக வெள்ளைச் சீருடை போட்ட பெண் இவள்தான். முதல் தடவை சீருடையோடு ஊருக்குப் போனபோது, அவள் நைனா வாசலில் நின்றுகொண்டு, "உள்ள வாங்க டாக்டரம்மா" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

என்னை முதலில் "நீங்க" என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா"வும் "நீங்க"வும் சேர்ந்தால் எனக்கு ஏதோ பண்ணையார் வீட்டு அம்மாள் ஆகிவிட்ட மாதிரி இருக்கும். இரண்டு வருஷம் சண்டை போட்டு "நீ" என்று சொல்ல வைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு.

மாநிலம் பிரிந்தபோது மெட்ராஸ் பக்கம் போக விருப்பமா என்று எல்லாரையும் கேட்டார்கள். அவள் ஊர் அப்போது மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது. போயிருக்கலாம். "நான் இருக்கிறேனே, இருடி" என்று தடுத்தது நான்.

அவளுக்குப் பெண்கள் டி.பி. வார்டு. மூன்று வருஷமாக அதே வார்டு. மாற்றிப் போட ஆள் இல்லை. கட்டிலில் பாதி, தரையில் பாதி என்று நோயாளிகள் கிடப்பார்கள். அத்தனை பேருக்கும் அவள் ஒருத்தி. ஊசி போடுவாள், எச்சில் கோப்பைகளை எண்ணி எடுப்பாள், துன்ன மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறவளுக்குக் கஞ்சி ஊட்டுவாள். இருமும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது, நோயாளி மனசு நோகும் என்று அவளாக ஒரு சட்டம் வைத்திருந்தாள்.

பிறகு அவளே இரும ஆரம்பித்தாள்.

எக்ஸ்ரே எடுக்கக் கேட்டோம். ஃபிலிம் நோயாளிகளுக்கே போதவில்லை, நர்ஸுக்கு எங்கே என்றார்கள். சாயந்திரமானால் உடம்பு சுடும். கன்னம் சிவந்து அழகாகிவிட்டாள் என்று புதிதாக வந்தவர்கள் சொல்வார்கள். எங்களுக்குத் தெரியும் அது என்ன சிவப்பு என்று. ஆனால் வாய் திறக்கவில்லை. டி.பி. என்று ஏட்டில் ஏறிவிட்டால் 'உடல் தகுதி இல்லை' என்று வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வார்டில் வாங்கிய நோய் என்றாலும் அதே கதிதான். சம்பளத்தோடு லீவு, சர்க்கார் வைத்தியம் என்பதெல்லாம் அப்போது கிடையாது.

ஊதா மசிக் காகிதம்

எங்கள் நர்ஸுகள் சங்கத்தின் சித்தூர்க் கிளைக்கு நான் காரியதரிசி. பட்டம் பெரிது. வேலை, தபால் ஒட்டுவதும் கூட்டத்துக்கு டீ சொல்வதும்தான்.

ஆந்திரா பிரிந்த பிறகு அந்தக் கிளை யாருடையது என்பதே தெரியாமல் போயிற்று. மெட்ராஸ் சங்கத்துக்கு எழுதினால், "நீங்கள் இப்போது ஆந்திரா, கர்நூலுக்கு எழுதுங்கள்" என்பார்கள். கர்நூலுக்கு எழுதினால், "உங்கள் பக்கத்து எல்லை இன்னும் தீரவில்லை, தீரும்வரை மெட்ராஸோடு இருங்கள்" என்பார்கள். தாய்வீட்டிலும் இலை போடவில்லை, மாமியார் வீட்டிலும் இலை போடவில்லை.

அப்படி இரண்டு ஊரும் சுற்றி, உறையெல்லாம் முத்திரையாக, ஒரு நாள் ஒரு காகிதம் வந்தது. ஊதா மசியில் உருட்டி அச்சடித்த கேள்வித்தாள். உலகத்து நர்ஸ் சங்கங்கள் எல்லாம் கூடி அமைத்த ஒரு சபை, எங்கோ ஒரு ஏரிக்கரை நகரத்திலிருந்து அனுப்பியது. நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள், ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்கிறாள், சாப்பாட்டுக்கு உட்கார இடம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள்.

எங்கள் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. "வெள்ளைக்காரிங்க கேட்டா நம்ம ஊர்ல தண்ணி கொழாய் வருமா?" என்றாள் ஒருத்தி.

எனக்கும் அது முதலில் விளங்கவில்லை. கூட வந்திருந்த நீளமான கடிதத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்த பிறகுதான் அதன் சாமர்த்தியம் புரிந்தது. சித்தூரில் ஒரு நர்ஸ் அழுதால் அது அவளுடைய புலம்பல். அதே அழுகை ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் சிலோனிலும் கேட்கிறது என்று எழுதி, சாட்சிகளின் பெயரோடு ஒரு மாநாட்டில் வைத்துவிட்டால், அது புலம்பல் இல்லை, வழக்கு. பிறகு ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு தன் சர்க்காரின் வாசலில் போய் உட்காரும். "உலகமே ஒப்புக்கொண்டதை நீங்கள் மட்டும் ஏன் செய்யவில்லை?" என்று கேட்கும். மந்திரிகளுக்கு உள்ளூர் நர்ஸின் கண்ணீரைவிட வெளியூர் மாநாட்டில் தலைகுனிவதுதான் பெரிய பயம். இதைக் கண்டுபிடித்தவள் நிச்சயம் ஒரு ஹெட் நர்ஸாகத்தான் இருந்திருப்பாள்.

கடைசிக் கேள்வி இது: "நர்ஸுக்கு நோய் வந்தால் அவளை யார் கவனிக்கிறார்கள்?"

எல்லாரும் அதைக் காலியாக விட்டுவிட்டார்கள். மரகதம் மட்டும் பேனாவை வாங்கித் தமிழில் எழுதினாள்: "இன்னொரு நர்ஸ். அவளுக்கு டியூட்டி இல்லாத நேரத்தில். அவளுக்கும் டியூட்டி இருந்தால் யாரும் இல்லை."

கீழே கையெழுத்துப் போட்டாள். நான் அதை ஆங்கிலத்தில் மாற்றி அடியில் எழுதி, தபாலில் சேர்த்தேன். அதோடு மறந்தும் போனேன்.

இன்ஸ்பெக்ஷன் கம்பளி

ஏழெட்டு மாதம் கழித்து, அந்தச் சபையிலிருந்து ஒருவர் நேரில் வருகிறார் என்று தந்தி வந்தது. அடுத்த மாநாட்டுக்கு முன்பு சில நாடுகளில் சில ஆஸ்பத்திரிகளைப் பார்க்கப் போகிறாராம். முக்கியமான விஷயம், வார்டில் நோய் வாங்கிய நர்ஸுகளுக்குச் சம்பளத்தோடு லீவும் வைத்தியமும் கேட்பது.

இங்கேதான் நாங்கள் கெட்டுப்போனோம். எங்களுக்குத் தெரிந்து, வெளியிலிருந்து ஃபைலோடு யாராவது வந்தால் அதற்கு ஒரே பெயர்தான். இன்ஸ்பெக்ஷன்.

இன்ஸ்பெக்ஷன் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. தரையில் கிடக்கிற நோயாளிகளை எதிர்ச் சாரியில் இருந்த சத்திரத்துக்கு அனுப்பவேண்டும். லைசால் ஊற்றிக் கழுவவேண்டும். பீரோவிலிருந்து சிவப்புக் கம்பளிகளை எடுத்து ஒவ்வொரு கட்டிலிலும் கால்மாட்டில் மடித்து வைக்கவேண்டும். அதற்குப் பெயரே இன்ஸ்பெக்ஷன் கம்பளி. எந்த நோயாளியும் அதைப் போர்த்தி நான் பார்த்ததில்லை. குளிரில் யாராவது கையை நீட்டினால், "அத்த தொடாதே, கணக்குல இருக்குது" என்று அதட்டுவோம்.

ஆள் போதாவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸுகளை இரவல் வாங்கவேண்டும். அவர்களுக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தால் நாங்கள் போவோம். கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் கொடுப்பது மாதிரிதான்.

எங்கள் மேட்ரனம்மா நெல்லூர்க்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். கெட்டவர் இல்லை. எங்கள் மெஸ்ஸில் மோர் தண்ணியாக இருந்தால் சமையல்காரனோடு சண்டை போட்டவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சூடு, பாரு சுலோசனா, பார்டர் டைம் இது. நீங்கல்லாம் தமிழ் நர்ஸுங்க. நம்ம குறைய வெளில காட்டினா, ஆந்திராவ அவமானப்படுத்தறதுக்குன்னே பண்றாங்கன்னு மேல சொல்லிடுவாங்க. அப்புறம் ஆளுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். ஸ்ரீகாகுளம் போறியா? வத்து, வேணாம் தானே?"

நான் தலையாட்டினேன். ஆந்திராவின் வடகோடியில் இருக்கிற ஸ்ரீகாகுளம் என்றால் அன்றைக்கு எங்களுக்கு ரங்கூன் மாதிரி.

"வார்டு சிஸ்டர் லிஸ்டுலோ நீ பேரு பெட்டானு. பேரு போட்டிருக்கேன், புரியுதா? அந்த மரகதத்த அன்னிக்கு வார்டுல வெக்காதே. அவ இருமல கேட்டா அந்தம்மா எழுதிடும். நம்ம சூப்பரின்டெண்டுக்குத் தெரிஞ்சா அவ உத்யோகம் போயிடும். அவளுக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவளுக்கும் நல்லதுக்குத்தான். இந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால் பயம் பாதி, ஆசை பாதி. சிஸ்டர் பதவி உயர்வு வந்தால் தோளில் ஒரு நீலப் பட்டை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டை எனக்கு வேண்டியிருந்தது.

மரகதத்திடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை. என் மாதிரி வீட்டுப் பெண் "உள்ளே இரு" என்றால் அவள் மாதிரி வீட்டுப் பெண் உள்ளே இருந்துவிடுவாள் என்பது எனக்குள்ளேயே எங்கோ இருந்திருக்கிறது. "நீ" என்று சொல்ல வைத்ததைத்தான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பதி பஸ்

காலை முதல் பஸ்ஸில் திருப்பதியிலிருந்து நான்கு இரவல் நர்ஸுகள் வந்து இறங்கினார்கள். தலைவி ராஜேஸ்வரி. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. வலது மணிக்கட்டில் கொதிக்கிற தண்ணீர் பட்ட பழைய தழும்பு. ஒரு டப்பாவில் புளியோதரை கூடக் கொண்டு வந்திருந்தாள்.

பத்து மணிக்குக் கார் வந்தது. உயரமான, வெயிலில் சிவந்த ஒரு அம்மாள் இறங்கினார். பெயர் மிஸ் இங்க்ரிட். என் பின்னால் நின்ற ராஜேஸ்வரி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, போச்சி! நேத்து எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தது இவங்கதான்!"

 மெட்ராஸிலிருந்து நேரே வருவார் என்றுதான் தந்தி. அம்மாள் ரயிலில் வந்து முதலில் திருப்பதியில் இறங்கியிருக்கிறார். அங்கே யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால் கம்பளி மடிக்க நேரமில்லாமல், இருந்தது இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"பின்வரிசையில நில்லு, கைய மறச்சிக்கோ" என்றேன்.

எங்கே மறைப்பது? மிஸ் இங்க்ரிட் ஒவ்வொரு நர்ஸுக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். ராஜேஸ்வரியின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"நேற்று உங்களைத் திருப்பதியில் பார்த்தேனே?"

நான் மொழிபெயர்த்தேன். ராஜேஸ்வரி கண்ணை மூடித் திறப்பதற்குள், "அது எங்க அக்கா" என்றாள்.

மிஸ் இங்க்ரிட் அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "உங்கள் அக்காவுக்கும் இதே இடத்தில்தான் சுட்டுக்கொண்டதா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாளும் வற்புறுத்தவில்லை. லேசாகச் சிரித்துக்கொண்டு நகர்ந்தார். அம்மாளின் கையை நானும் கவனித்தேன். விரல் கணுக்களில் கார்பாலிக் மருந்து பட்டு வெடித்த கோடுகள். எங்கள் எல்லாருக்கும் இருக்கும். இன்ஸ்பெக்டர்களுக்கு இருக்காது.

சாட்சி

டி.பி. வார்டில் அன்று கட்டிலுக்கு ஒருத்தியாக, சிவப்புக் கம்பளியோடு, சுவாமி அலங்காரம் மாதிரி படுத்திருந்தார்கள். நாராயணவனத்துக்காரப் பாட்டி ஒருத்தி, ஃபைலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாளில் எல்லைக்காக யார் யாரோ வந்து ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு இருந்தார்கள். பாட்டி இவரையும் அந்த ஆள் என்று முடிவு செய்துவிட்டாள்.

"எம்மா, எங்க ஊர மெட்ராஸ் பக்கமே சேத்துடும்மா! உனக்குப் புண்ணியமாப் போவும்!"

வேண்டாம், ஆந்திராவிலேயே இருப்போம் என்று அடுத்த கட்டிலிலிருந்து ஒருத்தி இருமிக்கொண்டே தெலுங்கில் கத்தினாள். "வத்து வத்து! ஆந்த்ராலோனே உண்டாம்!"

"என்ன சொல்கிறார்கள்?" என்று அம்மாள் கேட்டார்.

"வைத்தியம் நன்றாக இருக்கிறதாம்" என்றேன். மேட்ரனம்மா மெச்சுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

வார்டின் கடைசியில்தான் துணி ரூம். மிஸ் இங்க்ரிட் சரியாக அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். மேட்ரனம்மாவை சூப்பரின்டெண்டு அழைக்கிறார் என்று யாரோ வந்து சொல்ல, அவர் போனார். நானும் அம்மாளும் மட்டும் நின்றோம். அம்மாள் பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஊதா மசிக் காகிதம்.

அடியில் மரகதத்தின் கையெழுத்து. அதன் கீழே என் ஆங்கிலம்.

"இந்த மூன்று வரியை எங்கள் சபையில் உரக்கப் படித்தோம்" என்றார். "சித்தூருக்கு நான் வந்ததே இதை எழுதிய மரகதத்தைப் பார்க்கத்தான். அவர் எங்கே?"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"லீவில் போயிருக்கிறாள். கிராமத்துக்கு" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்லை. நன்றாக இருக்கிறாள். தங்கையின் கல்யாணம்."

மரகதத்துக்குத் தங்கையே கிடையாது.

மிஸ் இங்க்ரிட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "நான் அதிகாரி இல்லை, நர்ஸ். இங்கே எது இரவல், எது சொந்தம் என்று எனக்குத் தெரியும். நானும் என் நாட்டில் கம்பளி மடித்திருக்கிறேன். ஆனால் நான் கண்டது மாநாட்டில் சாட்சி ஆகாது. நீங்கள் சொல்வதுதான் சாட்சி. எங்கள் விருந்தாளி தவறாகப் பார்த்துவிட்டார் என்று உங்கள் சர்க்கார் ஒரே வரியில் தள்ளிவிடும். இங்கே வேலை செய்கிற நர்ஸ் தன் பெயரோடு சொன்னால் தள்ள முடியாது. இப்போது சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

என் எதிரே கதவு. கையை நீட்டினால் எட்டும் தூரம்.

"ஒன்றுமில்லை மேடம். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன்.

அவர் ஒரு சிறு சீட்டில் முகவரி எழுதி என் கையில் வைத்தார். "கல்யாணம் முடிந்து வந்ததும் இதை அவரிடம் கொடுங்கள். மாநாட்டுக்கு முன் ஒரு வரி எழுதிப் போட்டால் போதும். ஒரே வரி."

கார் போன பிறகு துணி ரூமைத் திறந்தேன். மரகதம் விரிப்புகளின் மேலேயே சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் கருத்து, கண்ணெல்லாம் தண்ணீர். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. புழுக்கம் என்று நினைத்தேன். புளியோதரை மிச்சமிருக்கிறது, வா சாப்பிடலாம் என்று கூப்பிட்டேன்.

சீட்டு

சீட்டை நான் கொடுக்கவில்லை.

கொடுத்தால், "என்னக் கேட்டாங்களா? நீ இன்னா சொன்ன?" என்று கேட்பாளே. நாளைக்குக் கொடுக்கலாம் என்று டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். லிஸ்டு வந்த பிறகு கொடுக்கலாம் என்று தள்ளினேன். லிஸ்டு வந்தது. நீலப் பட்டை தைத்துக்கொண்டேன். மரகதம்தான் தைத்துக் கொடுத்தாள், அழகான தையல். அதற்குள் மாநாடு முடிந்துவிட்டிருந்தது.

மாநாட்டுத் தீர்மானத்தை நம் நாட்டுச் சங்கம் டெல்லிக்கு எடுத்துக்கொண்டு போனது. மனுவோடு சாட்சி சொன்ன ஆஸ்பத்திரிகளின் பட்டியலும் போயிற்று. திருப்பதி நர்ஸுகள் இருந்ததை இருந்தபடியே சொல்லியிருந்தார்கள். ராஜேஸ்வரி தன் பெயரையே கொடுத்திருந்தாள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நேராக ஒரே வரி: குறை ஏதும் தெரிவிக்கப்படவில்லை.

கொஞ்ச வருஷத்தில் உத்தரவும் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. வார்டில் டி.பி. வாங்கிய நர்ஸுக்குச் சம்பளத்தோடு லீவு, வைத்தியம், குணமானால் திரும்ப வேலை. பழைய நோயாளிகளில் சங்கத்தின் மனுவில் பெயர் இருந்தவர்களுக்கும் அது செல்லும். ராஜேஸ்வரியின் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அப்படித் திரும்பி வந்து, கடைசிவரை வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். உலகத்தின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தபால் போட்டே அந்த நர்ஸுகள் ஒரு சர்க்காரை அசைத்துவிட்டார்கள். அந்தப் பெரிய வேலையில் எனக்கும் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தார்கள். உண்மையைச் சொல்வது மட்டும்தான் அது.

உத்தரவு வருவதற்கு வெகுநாள் முன்பே மரகதம் வார்டில் ரத்தம் கக்கி விழுந்தாள். 'உடல் தகுதி இல்லை' என்று எழுதி, சீருடையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். ஏட்டில் அவளுக்கு அந்த ஆஸ்பத்திரியில் நோய் வந்ததற்கு ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று காரியதரிசியே சொல்லியிருக்கிறாளே.

மதனப்பள்ளிப் பக்கம்

மதனப்பள்ளிக்கு அப்பால் ஒரு டி.பி. ஆஸ்பத்திரியில் தர்மக் கட்டிலில் அவளைச் சேர்த்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது எல்லைத் தீர்ப்பு வந்திருந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது.

நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க ஒரு பக்கத்து விலா எலும்புகளை எடுத்திருந்தார்கள். தோள் சரிந்து, ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் சிரித்தாள்.

"நான் மெட்ராஸ் பக்கம் போவாட்டி இன்னா, எங்க ஊரே ஆந்திராவுக்கு வந்துடுச்சி பாத்தீங்களா" என்றாள். "பட்ட நல்லா கீதா? தையலு பிரியலியே?"

தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு அதை அணிந்துகொண்டே போயிருந்தேன், அறிவில்லாமல்.

கைப்பையில் சீட்டு இருந்தது. சொல்லிவிடவேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மரகதம், அன்னிக்கு அந்த வெள்ளைக்கார அம்மா வந்தாங்களே…" என்று இழுத்தேன்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"கதவாண்டயேதான் குந்திக்கினு இருந்தேன். எல்லாம் கேட்டுக்கினேன். இங்கிலீசு முழுசாப் புரியலன்னாலும் நம்ம பேரு புரியாதா? நீங்க தங்கச்சி கல்யாணம்னு சொன்னதும் புரிஞ்சிது."

என்னால் நிமிர முடியவில்லை.

"அந்தநேரம் பாத்து இருமல் வந்துடுச்சிக்கா. உசுரே போறாப்பல வந்துச்சி. ஒரு தபா இருமிட்டேன்னா அந்தம்மா கதவத் தொறந்துடும். உங்கள பொய்க்காரின்னு நெனச்சிடும். தலப்ப வாயில திணிச்சிக்கினு அடக்கிக்கினேன். நீங்கதான அடக்கிக்கோன்னு சொன்னீங்க."

'நீங்க' என்றுதான் சொன்னாள். எப்போது திரும்பி அதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நோயாளிக்கு ஊசி போட்ட பிறகு தட்டிக்கொடுப்பாளே, அதே மாதிரி. கொஞ்சம் பொறுத்து, கோபமே இல்லாமல், ஒரு சந்தேகத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அந்தம்மா ஒரு சீட்டு குடுத்தாங்களே, கதவு சந்துல பாத்தேன். எனுக்குத்தானக்கா? நீங்களே குடுப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

பை என் மடியில் இருந்தது. சீட்டு பையில் இருந்தது. "அது எங்கேயோ தொலைஞ்சி போச்சுடி" என்றேன்.

"போனாப் போவுது வுடுங்கக்கா" என்றாள் மரகதம்.

அவள் போய் வெகுகாலம் ஆகிறது. சீட்டு என்னிடம் இருக்கிறது.